சட்டக் கல்லூரி வாசலில் தர்க்கம்



மலர்க் குழுவினர் "வரலாறு பகுதிக்கு ஒரு கட்டுரை வேணும்" என்று கேட்டார்கள். சிவில் படித்தவன் அணை, பாலம், கோயில் கோபுரம் என்று எதையாவது எழுதுவான் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பதோ ஒரு தேர்வின் வரலாறு. அதிலும் அந்தத் தேர்வின் ஒரே ஒரு பகுதி: சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுகளில் வரும் 'லாஜிக்கல் ரீசனிங்', அதாவது தர்க்கக் கேள்விகள்.

காரணம் இரண்டு. என் அக்கா மகள் கிளாட் தேர்வுக்குப் படித்த வருடம், ஞாயிற்றுக்கிழமைகளில் அவளோடு உட்கார்ந்து இந்தக் கேள்விகளைப் போட்டுப் பார்த்தேன். அப்போது பிடித்த ஆர்வம் விடவில்லை. இன்னொன்று, வருடா வருடம் நம்ம காலேஜ் ஃபைனல் இயர் மாணவர்கள் ஒன்றிரண்டு பேர் போன் செய்கிறார்கள். "அண்ணா, இன்ஜினியரிங் முடிச்சிட்டு லா படிக்கலாமா? அந்த லாஜிக் செக்ஷனுக்கு எப்படிப் படிக்கிறது?" பத்து நிமிட போன் பேச்சில் இதற்குப் பதில் சொல்லி முடியாது. ஏனென்றால், எப்படிப் படிப்பது என்பதற்கான விடை, அந்தக் கேள்விகள் எப்படிப் பிறந்து எப்படி மாறின என்பதற்குள் இருக்கிறது.

தமிழ்நாட்டில் பொறியியல் நுழைவுத் தேர்வை 2007-ல் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த எங்கள் செட்டெல்லாம் பிளஸ் டூ மார்க்கை வைத்தே உள்ளே வந்தது. 'ஆப்டிட்யூட்' என்ற சொல்லே எங்களில் பலருக்குக் கேம்பஸ் இன்டர்வியூ சமயத்தில்தான் அறிமுகம். அப்போது கையில் கிடைத்தது ரத்த உறவுக் கணக்கும், வட்ட மேஜையைச் சுற்றி எட்டுப் பேரை உட்கார வைக்கும் கணக்கும். தர்க்கம் என்றாலே அதுதான் என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள். சட்டக் கல்லூரிகள் தேடியது அதுவா? பார்ப்போம்.

வகுப்பறை மாறியது, தேர்வு பின்னால் வந்தது

கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1870-ல் ஹார்வர்டு சட்டக் கல்லூரிக்கு டீன் ஆனவர் கிறிஸ்டோபர் கொலம்பஸ் லாங்டெல். (பெயரைக் கவனியுங்கள், இவரும் ஒரு புது வழி கண்டுபிடித்தவர்தான்!) அதுவரை சட்ட வகுப்பு என்றால் ஆசிரியர் விதிகளைச் சொல்லுவார், மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். லாங்டெல் மாணவர்களின் கையில் தீர்ப்புகளையே கொடுத்தார். "நீதிபதி என்ன முடிவு சொன்னார்? எந்தக் காரணத்தால் சொன்னார்? அந்தக் காரணம் போதுமா?" என்று வகுப்பில் கேட்டார். 'கேஸ் மெதட்' எனப்படும் இந்த முறை மெல்ல மெல்ல அமெரிக்கச் சட்டக் கல்லூரிகள் முழுவதும் பரவியது.

இதன் விளைவு என்ன? நல்ல ஞாபகசக்தி மட்டும் இருந்தால் முதல் வருடத்தைத் தாண்ட முடியாது என்ற நிலை வந்தது. ஒருவருடைய வாதத்தைப் படித்து, அதில் முடிவு எது, காரணம் எது, இரண்டுக்கும் நடுவில் ஓட்டை எங்கே என்று பார்க்கத் தெரிந்தவனே தேறினான். அப்படிப்பட்டவனைச் சேர்க்கையின்போதே கண்டுபிடிப்பது எப்படி?

1948, பிப்ரவரி 28

இரண்டாம் உலகப் போர் இந்தக் கேள்வியை அவசரமாக்கியது. போரிலிருந்து திரும்பும் வீரர்களின் கல்லூரிப் படிப்புக்கு அரசாங்கமே உதவும் சட்டம் 1944-ல் அமெரிக்காவில் வந்தது. கல்லூரி வாசல்களில் கூட்டம். பல ஊர்கள், பல கல்லூரிகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமான மார்க். இவர்களை எந்த அளவுகோலால் ஒப்பிடுவது?

1945-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அதிகாரி ஃபிராங்க் பவுல்ஸ், சட்டக் கல்லூரிகளுக்கென்று ஒரு பொதுத் தேர்வு வேண்டும் என்று யோசனை எழுதினார். அதன் குறிக்கோள் தெளிவானது: மாணவன் பின்னாளில் நல்ல வக்கீல் ஆவானா என்று ஜோசியம் சொல்லத் தேவையில்லை, சட்டப் படிப்பின் முதல் வருடத்தில் எப்படி மார்க் எடுப்பான் என்பதைக் காட்டினால் போதும். கொலம்பியா, ஹார்வர்டு, யேல் மூன்றும் முன்வந்தன. 1947 நவம்பரில் இன்னும் பல கல்லூரிகள் சேர்ந்து கூடிப் பேசின. 1948 பிப்ரவரி 28-ஆம் தேதி முதல் எல்சாட் தேர்வு நடந்தது. மொத்தம் பத்துப் பகுதிகள், ஒரு முழு நாள் தேர்வு!

அதன் பிறகு அந்த வினாத்தாள் ஒரே மாதிரி நின்றதே இல்லை. ஒரு காலத்தில் உருவங்களை வகைப்படுத்தும் கேள்விகள் இருந்தன. ஒரு சட்டக் கொள்கையைக் கொடுத்து, அதை ஒரு வழக்குக்குப் பொருத்தச் சொல்லும் கேள்விகள் இருந்தன. வந்தன, போயின. மார்க் கணக்கே மாறியிருக்கிறது. முதலில் 200-லிருந்து 800 வரை. 1982 முதல் 10-லிருந்து 48 வரை. 1991 ஜூன் முதல் 120-லிருந்து 180 வரை. இவ்வளவு மாற்றத்துக்கும் நடுவில், ஒரு சின்னப் பத்தியைக் கொடுத்து 'இந்த வாதம் நிற்குமா?' என்று கேட்கும் வகை மட்டும் வளர்ந்துகொண்டே வந்தது.

பில்லரும் ஸ்லாபும் நடுவில் பீமும்

இந்த இடத்தில் இன்னொரு மனிதரை அறிமுகப்படுத்த வேண்டும். அவர் தேர்வு நடத்தியவர் இல்லை. ஆனாலும் இந்தக் கேள்விகளின் உள்ளமைப்பை அவரைப் போல் எளிதாகக் காட்டியவர்கள் குறைவு.

ஸ்டீஃபன் டூல்மின் (1922-2009) கேம்பிரிட்ஜில் கணிதமும் இயற்பியலும் படித்தவர். போர்க்காலத்தில் ரேடார் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். நம்ம ஆள் மாதிரிதான்! பிறகு தத்துவத்துக்குப் போனார். 1958-ல் வாதங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். தர்க்கத்துக்கு முன்மாதிரியாக ஜியோமிதியை வைத்துக்கொள்வதை விட நீதிமன்றத்தை வைத்துக்கொள்வது பொருத்தம் என்பது அவர் கட்சி. அவர் கணக்கில் ஒரு வாதத்துக்கு முக்கியமாக மூன்று உறுப்புகள். கையில் இருக்கும் தகவல். அதிலிருந்து எடுக்கும் முடிவு. அந்தத் தகவலிலிருந்து இந்த முடிவுக்குப் போகலாம் என்று அனுமதி தரும் இணைப்பு விதி. அன்றாடப் பேச்சில் இந்த மூன்றாவதை நாம் சொல்வதே இல்லை.

சிவில்காரன் பாஷையில் சொல்கிறேன். தகவல் என்பது பில்லர். முடிவு என்பது மேலே இருக்கும் ஸ்லாப். நடுவில் பீம் இருக்க வேண்டும். பேசுகிறவர் பில்லரையும் ஸ்லாபையும் காட்டுகிறார், பீமைக் காட்டவில்லை. தர்க்கக் கேள்வி கேட்பது இதுதான்: பீம் இருக்கிறதா? இருந்தால் அந்த லோடைத் தாங்குமா?

சைட்டில் தினமும் நடக்கும் ஒரு வாதம். "கியூப் டெஸ்ட்டில் 28 நாள் ஸ்ட்ரெங்த் வந்துவிட்டது. ஆகவே ஸ்லாபில் போட்ட கான்கிரீட் நல்ல கான்கிரீட்." கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! சொல்லாமல் விட்ட பீம் எது? கியூபில் போட்ட கான்கிரீட்டும் ஸ்லாபில் போட்ட கான்கிரீட்டும் ஒரே மாதிரி குத்தி, ஒரே மாதிரி தண்ணீர் ஊற்றி ஆற்றப்பட்டவை என்ற நம்பிக்கை. கியூபைத் தொட்டித் தண்ணீரில் 28 நாள் ஊறப் போட்டுவிட்டு, ஸ்லாபை இரண்டே நாளில் காய விட்டால்? டெஸ்ட் ரிசல்ட் பொய் இல்லை, ஆனால் முடிவு விழுந்துவிடுகிறது.

இதை வைத்து நாலு விதமாகக் கேட்கலாம். 'இந்த வாதம் எதை நம்பியிருக்கிறது?' என்றால் பீமைக் கேட்கிறார்கள். 'எது இதைப் பலவீனப்படுத்தும்?' என்றால் பீமை உடைக்கச் சொல்கிறார்கள். 'எது வலுப்படுத்தும்?' என்றால் முட்டுக் கொடுக்கச் சொல்கிறார்கள். 'இதில் என்ன பிழை?' என்றால் பீம் இல்லாத இடத்தைக் காட்டச் சொல்கிறார்கள். கேள்வி நாலு, தேடும் இடம் ஒன்று.

1982-ல் வந்த விளையாட்டு, 2024-ல் போனது

எல்சாட்டில் 1982-ல் ஒரு புதுப் பகுதி நுழைந்தது. 'லாஜிக் கேம்ஸ்' என்று மாணவர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். ஏழு பேர், ஏழு நாற்காலி, அவன் இவன் பக்கத்தில் உட்கார மாட்டான், இவன் மூன்றாவது இடத்தில் உட்கார்ந்தால் அவள் ஐந்தாவது இடத்தில்... நமக்கு நன்றாகப் பழகிய வகை. படம் போட்டுத்தான் தீர்க்க வேண்டும். அதற்கென்றே கோச்சிங், அதற்கென்றே புத்தகம், அதற்கென்றே குறுக்கு வழிகள். நாற்பது வருடம் அது நடந்தது.

ஆனால் படம் போட முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? பார்வையற்ற ஒருவர் இதைக் கேட்டு வழக்குத் தொடுத்தார். சட்டம் படிக்க வாதம் புரிய வேண்டும், கட்டம் போடத் தெரிவதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் அந்த வழக்கின் சாரம். 2019-ல் சமரசம் ஏற்பட்டது. எல்சாட் நடத்தும் எல்.எஸ்.ஏ.சி. அமைப்பு அந்தப் பகுதியை மறுபரிசீலனை செய்ய ஒப்புக்கொண்டது. 2024 ஆகஸ்ட் முதல் லாஜிக் கேம்ஸ் இல்லை. அதன் இடத்தில் இன்னொரு தர்க்கப் பகுதி வந்தது. இந்த மாற்றத்தால் மொத்த மதிப்பெண்களில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்று அந்த அமைப்பின் சொந்த ஆய்வே சொன்னது.

கணக்குப் பாருங்கள். 1991 முதல் பல வருடம் மார்க் கணக்கில் சேரும் நாலு பகுதிகளில் இரண்டு தர்க்கம், அதாவது பாதி. 2024 ஆகஸ்ட்டுக்குப் பிறகு மூன்றில் இரண்டு தர்க்கம். வாதத்தைப் படிக்கத் தெரிகிறதா என்பதே தேர்வின் பெரும் பகுதி ஆகிவிட்டது. கட்டம் போடக் கற்றுக்கொடுத்த புத்தகங்களெல்லாம் பழைய பேப்பர் கடைக்கு!

பெங்களூரிலிருந்து கிளாட் வரை

நம் நாட்டுக் கதை வேறு பாதையில் போய் அதே இடத்துக்கு வந்தது. 1986-ன் கர்நாடகச் சட்டத்தின்படி பெங்களூரில் தேசிய சட்டப் பள்ளி உருவானது. அதன் முதல் இயக்குநர் என்.ஆர்.மாதவ மேனன். 1988-ல் முதல் அணி சேர்ந்தது. பிளஸ் டூ முடித்ததும் ஐந்து வருடச் சட்டப் படிப்பு என்ற வழி அதனால் பேர் பெற்றது. ஹைதராபாத், போபால், கொல்கத்தா, ஜோத்பூர், ராய்ப்பூர், காந்திநகர் என்று அதே மாதிரி பல்கலைக்கழகங்கள் பெருகின. ஒவ்வொன்றுக்கும் தனித் தேர்வு, தனிக் கட்டணம், தனிப் பயணம்.

2006-ல் ஒரு மாணவர் உச்ச நீதிமன்றத்துக்குப் பொதுநல வழக்கோடு போனார். அதன் தொடர்ச்சியாக 2007-ல் ஏழு பல்கலைக்கழகங்களும் ஒப்பந்தம் செய்துகொண்டன. 2008 மே 11-ல் முதல் கிளாட் நடந்தது. தமிழ்நாட்டில் 2012-ல் சட்டம் இயற்றி, திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் தொடங்கிய தேசிய சட்டப் பல்கலைக்கழகமும் பிறகு கிளாட்டுக்குள் வந்தது.

ஆரம்ப காலக் கிளாட்டில் 200 கேள்விகள். அதன் தர்க்கப் பகுதியில் நாம் கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் படித்த சரக்கு நிறைய உண்டு: ரத்த உறவு, திசை, எழுத்துத் தொடர், 'எல்லா நாற்காலியும் மேஜை' வகையறா. 2020-ல் இதைப் புரட்டிப் போட்டார்கள். 150 கேள்விகள், எல்லாமே பத்தியைப் படித்துப் பதில் சொல்வது. 2024 சேர்க்கைக்காக 2023 டிசம்பரில் நடந்த தேர்விலிருந்து 120 நிமிடத்தில் 120 கேள்விகள். அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தர்க்கம். சில நூறு சொற்களில் ஒரு கட்டுரைத் துண்டு. அதன் கீழே 'ஆசிரியரின் முடிவு என்ன? எதை அனுமானிக்கிறார்? எது பலவீனப்படுத்தும்?' எட்டுப் பேரை வட்ட மேஜையில் உட்கார வைக்கும் வித்தை இங்கேயும் ஓரத்துக்குப் போய்விட்டது.

இன்ஜினியரிங் முடித்த தம்பிகளுக்கு ஒரு தகவல். எந்தப் பட்டதாரியும் சேரக்கூடிய மூன்று வருட எல்.எல்.பி. படிப்பை பெங்களூர் சட்டப் பள்ளி 2022-ல் தொடங்கியது. அதற்கான தேர்விலும் இதே மாதிரி வாத ஆராய்ச்சி உண்டு. அமெரிக்காவில் எந்த இளங்கலைப் பட்டத்தோடும் எல்சாட் எழுதிச் சட்டம் படிக்கப் போகலாம், செலவைச் சமாளிக்க முடிந்தால்!

'போலி' என்ற பழைய சொல்

இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம், நமக்கு ஒட்டாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குச் சொல்லிக்கொடுப்பது என்ன? தர்க்கம்தான். பக்கம், ஏது, திட்டாந்தம் என்று வாதத்தின் உறுப்புகளைப் பிரிக்கிறார். பக்கம் என்பது நிலைநாட்ட வேண்டிய முடிவு. ஏது என்பது காரணம். திட்டாந்தம் என்பது எடுத்துக்காட்டு. ஒவ்வொன்றிலும் வரக்கூடிய தவறுகளைப் பக்கப் போலி, ஏதுப் போலி, திட்டாந்தப் போலி என்று வரிசைப்படுத்துகிறார். இது இந்தியப் பௌத்தத் தர்க்க மரபிலிருந்து தமிழுக்கு வந்தது.

'போலி' என்ற சொல் எவ்வளவு பொருத்தம் பாருங்கள். காரணம் இல்லாத வாதம் யாரையும் ஏமாற்றாது. காரணம் மாதிரியே இருக்கிற, காரணம் இல்லாத ஒன்றுதான் ஏமாற்றும். எல்சாட்டும் கிளாட்டும் கொடுக்கும் தவறான விடைகள் அத்தனையும் இந்த ரகம்.

சரி, எப்படித் தயார் செய்வது?

வரலாறு சொல்லும் பாடம் ஒன்றுதான். குறுக்கு வழிகள் வினாத்தாள் மாறும்போது சாகின்றன. பீமைத் தேடும் பழக்கம் சாகவில்லை. ஆகவே பழக்கத்தில் நேரத்தைப் போடுங்கள். ஒரு மாதிரிக் கேள்வி நானே எழுதியது:

'விடுதி மெஸ்ஸில் நவம்பர் மாதம் கட்டணத்தை உயர்த்தினார்கள். அந்த மாதமே சாப்பிடுவோர் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. ஆகவே பழைய கட்டணத்தைக் கொண்டுவந்தால் மாணவர்கள் திரும்ப வருவார்கள்.' இந்த வாதத்தை மிகவும் பலவீனப்படுத்துவது எது?

(அ) மெஸ் சாப்பாட்டின் ருசி பற்றிப் பல வருடமாகவே புகார் உண்டு.
(ஆ) நவம்பரில் ஸ்டடி ஹாலிடேஸ் விட்டதால் விடுதியில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள்.
(இ) பக்கத்து ஹோட்டல்களில் சாப்பாட்டு விலை மெஸ்ஸை விட அதிகம்.
(ஈ) கட்டணத்தை உயர்த்த வேண்டாம் என்று மாணவர்கள் மனு கொடுத்திருந்தார்கள்.

விடைகளைப் பார்க்கும் முன்பே பீமை ஒரு வரியில் எழுதிவிட வேண்டும்: 'ஆள் குறைந்ததற்குக் கட்டணம்தான் காரணம், வேறு காரணம் இல்லை.' இப்போது பாருங்கள். (அ) பல வருடப் புகார், திடீரென்று நவம்பரில் ஏன் குறைந்தது என்று சொல்லாது. (ஈ) வாதத்துக்குச் சாதகம். (இ) லேசாகச் சந்தேகம் கிளப்பும், ஆனால் ஆட்கள் எங்கே போனார்கள் என்று சொல்லவில்லை. (ஆ) வேறு காரணத்தையே கையில் கொடுக்கிறது. கேள்வியில் 'மிகவும்' என்று இருக்கிறது, அதனால் (ஆ).

நம்ம மெஸ் விவகாரமே இவ்வளவு தர்க்கம் கற்றுத் தருகிறது! இனி வரிசையாக:

1. முதலில் முடிவைக் கண்டுபிடியுங்கள். 'ஆகவே', 'எனவே' என்று வந்தால் சுலபம். பல பத்திகளில் முடிவு முதல் வரியிலேயே உட்கார்ந்திருக்கும். ஒரு வரியைப் படித்ததும் 'ஏன்?' என்று கேளுங்கள். மற்ற வரிகள் அதற்குப் பதில் சொன்னால் அந்த வரிதான் முடிவு.

2. சின்னச் சொற்களில் கவனம். 'அரியர் இல்லாதவர்கள் மட்டுமே கேம்பஸ் இன்டர்வியூவுக்கு உட்காரலாம்' என்றால், அரியர் இல்லாத எல்லோரும் உட்காரலாம் என்று பொருள் இல்லை. பர்சன்டேஜ் கண்டிஷன் வேறு இருக்கலாம். ஆனால் உட்கார்ந்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு அரியர் இல்லை என்பது நிச்சயம். அதேபோல் 'சில' என்றால் பேச்சு வழக்கில் 'எல்லோரும் இல்லை' என்று எடுத்துக்கொள்கிறோம். தேர்வில் 'சில' என்பது குறைந்தது ஒன்று, எல்லோராகவும் இருக்கலாம்.

3. தப்பு நோட்டு ஒன்று போடுங்கள். சரியான விடையை எழுதி வைப்பதில் பெரிய பயன் இல்லை. தவறான விடை ஏன் நம்மை இழுத்தது என்று எழுதுங்கள். பத்தியில் இல்லாத விஷயமா? உண்மைதான் ஆனால் கேட்டதற்குச் சம்பந்தம் இல்லையா? 'எப்போதும்', 'ஒருபோதும்' என்று அளவு மீறிப் பேசியதா? தலைகீழாகத் திருப்பியதா? நாலைந்து வாரத்தில் நம்மை ஏமாற்றும் போலி எந்த ரகம் என்று தெரிந்துவிடும்.

4. கடிகாரம் பிறகு. எல்சாட்டில் 35 நிமிடத்தில் சுமார் 25 கேள்வி, ஒன்றுக்கு ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவு. கிளாட்டில் படிக்கும் நேரத்தையும் சேர்த்து ஒரு நிமிடம். அதற்காக முதல் நாளே ஸ்டாப் வாட்சோடு உட்காராதீர்கள். நிதானமாகச் சரியாகச் செய்ய வந்த பிறகு வேகம் கூட்டலாம்.

5. தெரியாத கேள்விக்கும் ஒரு கணக்கு உண்டு. எல்சாட்டில் தவறுக்கு மார்க் குறைப்பதில்லை, எதையும் காலியாக விடக் கூடாது. கிளாட்டில் தவறுக்குக் கால் மார்க் போகும். நாலு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் சராசரி லாபம் 0.0625 மார்க், அதாவது ஒன்றுமில்லை. இரண்டு விடைகளை நியாயமாகத் தள்ளிவிட்டுத் தொட்டால் 0.375. ஆக, தள்ளத் தெரிந்தவனுக்கே லாபம்.

6. பழைய வினாத்தாள்களில் வருடம் பாருங்கள். கிளாட் என்றால் 2020-க்குப் பிந்தையவை. எல்சாட்டின் பழைய தாள்களில் லாஜிக் கேம்ஸை விட்டுவிட்டுத் தர்க்கப் பகுதிகளை மட்டும் போடுங்கள், அவை இன்னும் பயன்படும்.

7. தினமும் ஒரு தலையங்கம். வாதத்தைப் பிரிக்கும் பழக்கத்துக்குத் தமிழ்ப் பத்திரிகையே போதும். முடிவு ஒரு வரி, காரணம் இரண்டு வரி, பீம் ஒரு வரி. வேகத்துக்கு ஆங்கிலப் பத்திரிகையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் அக்கா மகள் தமிழில் ஆரம்பித்து இரண்டே மாதத்தில் ஆங்கிலத்துக்குத் தாவினாள்.

வாசல் யாருக்குத் திறக்கிறது?

இந்த வரலாற்றில் ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? வாதத் திறனைச் சோதிக்கும் இந்தத் தேர்வுகளைத் திருப்பி விட்டவையும் வாதங்கள்தான். 2006-ல் ஒரு மாணவர் கேட்டார், பொதுத் தேர்வு வந்தது. பார்வையற்ற ஒருவர் கேட்டார், லாஜிக் கேம்ஸ் போனது. கிளாட் 2025 விடைக்குறிப்பில் இரண்டு கேள்விகளுக்குத் திருத்தம் வேண்டும் என்று 2024 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி உத்தரவிட்டார். அங்கே போய்க் கேட்டவரும் தேர்வு எழுதிய ஒரு மாணவர்தான்.

கேட்க வேண்டியவை இன்னும் இருக்கின்றன. கிளாட் ஆங்கிலத்தில் நடத்தப்படும் தேர்வாகவே வளர்ந்தது. மாநில மொழிகளிலும் நடத்தச் சொல்லி 2023-ல் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு நன்றாக வாதம் செய்யத் தெரிந்த பெண், ஆங்கிலப் பத்தியில் வேகம் போதாமல் வெளியே நிற்கிறாள் என்றால், தேர்வு அளந்தது தர்க்கத்தையா, மீடியத்தையா? கிளாட் 2024-க்கு விண்ணப்பக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 4,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 3,500 ரூபாய். அதோடு கோச்சிங் கட்டணத்தையும் நினைத்தால், பல வீடுகளில் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

அதனால் முன்னாள் மாணவர்களிடம் இரண்டு கோரிக்கை. நம் நூலகத்தில் வேலைவாய்ப்புப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு இந்தத் தேர்வுகளுக்கும் இருக்கட்டும், 2020-க்குப் பிந்தைய வினாத்தாள்களோடு. இரண்டாவது, வருடத்துக்கு ஐந்தாறு மாணவர்களின் விண்ணப்பக் கட்டணத்தை நம் சங்கம் ஏற்கட்டும். பெரிய தொகை இல்லை. நம் ரீயூனியன் சாப்பாட்டுச் செலவில் ஒரு ஐட்டத்தைக் குறைத்தால் போதும் என்று நினைக்கிறேன். ஸ்வீட்டை மட்டும் குறைக்க வேண்டாம்!

தம்பி தங்கைகளே, நீங்கள் சட்டம் படிக்கப் போகாமலே இருக்கலாம். டெண்டர் கமிட்டியிலோ, ஊர்ச் சபையிலோ, அப்பார்ட்மென்ட் சங்கத்திலோ உட்காரும் நாள் வரும். ஒருவர் எழுந்து கம்பீரமாக "ஆகவே..." என்று சொல்லுவார். எல்லோரும் தலையாட்டத் தயாராக இருப்பார்கள். அப்போது கையைத் தூக்கி, "சார், நடுவில் பீம் எங்கே?" என்று கேட்க ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஆள் நம்ம காலேஜ் ஆளாக இருக்கட்டும். வாழ்த்துக்கள்.

— சிவில் பிரிவு முன்னாள் மாணவன்